ரெண்டரிங்கில் லக்ஸ்: வெளிச்சத்தைப் பார்ப்பதும் அளப்பதும்

ஜார்ஜ்டவுனில் பினாங்கு ஸ்த்ரீட்டை ஒட்டிய ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் டியூஷன் வகுப்பு நடக்கிறது. மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகள் இருபது இருபத்தைந்து பேர், வாரத்தில் நான்கு இரவுகள் வருவார்கள். அந்த மாடிக்கு விளக்கு அமைத்துத் தரும் வேலை என்னிடம் வந்தது. கணினியில் அறையை அப்படியே கட்டி, ரெண்டர் எடுத்து, அதாவது மென்பொருள் ஒளியைக் கணக்குப் போட்டு வரைந்து தரும் படத்தை எடுத்து, டீச்சரிடம் காட்டினேன். படம் பளிச்சென்று இருந்தது. மர ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து விழ, மேசைகள் மின்ன, கடைசிச் சுவர் வரைக்கும் வெளிச்சம். அவருக்குப் பிடித்துப்போய் அப்படியே மாட்டச் சொல்லிவிட்டார்.

மாட்டி இரண்டு வாரத்தில் போன் வந்தது. "தம்பி, பின்வரிசைப் பிள்ளைங்க எல்லாம் முன்னாடி வந்து உக்காரட்டுமான்னு கேக்குதுங்க. எழுத்து தெரியலையாம்." அன்று இரவே, ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் லக்ஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். முதல் வரிசை மேசையில் 240 லக்ஸ். கடைசி வரிசையில் 60. அறை முழுக்க மேசை மேசையாக வைத்து சராசரி எடுத்தால் 144.

அந்த இரவுக்குப் பிறகுதான் ரெண்டரிங் மென்பொருளுக்குள் வெளிச்சத்தை எப்படி அளப்பது என்று ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். உள்ளறை வடிவமைப்பு படிக்கும் தம்பி தங்கைகளும், கடைக்கோ வீட்டுக்கோ தாங்களே மாதிரி செய்து பார்ப்பவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விதான் என்பதால், அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

ரெண்டர் ஒரு போட்டோ

கோவிலில் எண்ணெய் விளக்கு மட்டும் எரியும் சந்நிதியைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பாருங்கள். நேரில் இருட்டாக இருந்த தூண்கூடப் படத்தில் தெளிவாகத் தெரியும். கைப்பேசி குறைந்த வெளிச்சத்தைச் சேர்த்துச் சேர்த்துப் பெருக்கிக் காட்டுகிறது. ரெண்டரிங் மென்பொருளுக்குள் இருக்கும் கேமராவும் இதையேதான் செய்கிறது. மென்பொருள் முதலில் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு ஒளி இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. அந்த எண்களைத் திரையில் காட்டக்கூடிய அளவுக்கு ஏற்றி இறக்கிப் படமாக்குவது அதற்கடுத்த வேலை. இந்த ஏற்றி இறக்கும் அமைப்புக்குப் பெயர் எக்ஸ்போஷர். அது தானியங்கியாக இருந்தால், 50 லக்ஸ் அறையும் 500 லக்ஸ் அறையும் திரையில் ஒரே மாதிரி வந்து நிற்கும்.

நம் கண்ணும் இந்த விஷயத்தில் உதவாது. நண்பகலில் எஸ்பிளனேட் திடலின் வெட்டவெளியில் நிற்கும்போது நம்மேல் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் விழுகிறது. அங்கிருந்து நடந்து ஒரு கடைக்குள் நுழைந்தால் 300 லக்ஸ்தான் இருக்கும். முந்நூறில் ஒரு பங்குக்குக் குறைந்திருக்கிறது, ஆனால் ஒரு நிமிடத்தில் கண் பழகிவிடுகிறது, விலைச்சீட்டைப் படிக்கிறோம். அதனால் 'பார்த்தால் போதுமான வெளிச்சமாகத்தான் தெரிகிறது' என்ற பேச்சை நான் இப்போது ஏற்பதில்லை, என் வாயிலிருந்து வந்தாலும்.

நமக்கு வேண்டியது அந்தக் கேமராவுக்கு முந்தைய கட்டத்தில் இருக்கும் எண். எக்ஸ்போஷரைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது மாறாது.

விழும் ஒளி, கிளம்பும் ஒளி

விளக்குப் பெட்டியின் மேல் லுமென் என்று போட்டிருப்பார்கள். விளக்கு எல்லாத் திசைகளிலும் சேர்த்து வெளியே தள்ளும் மொத்த ஒளி அது. கேண்டெலா என்பது ஒரு குறிப்பிட்ட திசையில் அந்த ஒளி எவ்வளவு வலுவாகப் போகிறது என்பதைச் சொல்லும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லுமென் விழுந்தால் அங்கே ஒரு லக்ஸ். ஆக லக்ஸ் என்பது விளக்கின் குணத்தைச் சொல்லும் எண்ணன்று. மேசையில், சுவரில், தரையில், ஒளி வந்து விழும் இடத்தில் அதை அளக்கிறோம்.

இங்கே புதியவர்கள் எல்லாரும் தடுமாறும் ஒரு விஷயம் உண்டு. ஒரே விளக்கின் கீழே வெள்ளை வேட்டியையும் கறுப்பு அம்மிக்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டின் மேலும் விழும் லக்ஸ் ஒன்றேதான். ஆனால் வேட்டி பளிச்சென்றும் கல் மங்கலாகவும் தெரிகிறது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது பரப்பில் விழும் ஒளியன்று, பரப்பிலிருந்து கிளம்பி நம் பக்கம் வரும் ஒளி. முதலாவதை இல்லுமினன்ஸ் என்றும் இரண்டாவதை லுமினன்ஸ் என்றும் மென்பொருள்கள் பெயரிட்டிருக்கும். பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் தவறான பொத்தானை அழுத்துவது எளிது. அலகைப் பாருங்கள்: லக்ஸ் என்றிருந்தால் விழுவது, சதுர மீட்டருக்குக் கேண்டெலா என்றிருந்தால் கிளம்புவது.

பளபளப்பில்லாத பரப்புக்கு இரண்டையும் இணைக்கும் கணக்கு எளிது. விழும் லக்ஸைப் பரப்பு எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்ற பங்கால் பெருக்கி, 3.14-ஆல் வகுக்க வேண்டும். வெள்ளைத் தாள் 80 சதவீதம் திருப்பி அனுப்பும் என்று வைத்தால், 300 லக்ஸில் அதன் லுமினன்ஸ் ஏறத்தாழ 76. பத்து சதவீதம் மட்டும் திருப்பும் பழைய மரப்பலகைக்கு அதே 300 லக்ஸில் 10-ஐக்கூடத் தொடாது. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு ஓர் இடத்தில் கைகொடுக்கும்.

தூரமும் சாய்வும் அடுத்தது. 2,000 கேண்டெலா உள்ள ஒரு ஸ்பாட் விளக்கு நேர் கீழே 2 மீட்டரில் 500 லக்ஸ் தரும். 3 மீட்டரில் 222, 4 மீட்டரில் 125. தூரத்தை தூரத்தாலேயே பெருக்கி, கேண்டெலாவை அதனால் வகுத்தால் வருவது. ஒளி சாய்வாக வந்தால் இன்னும் குறையும். நேர்க்கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்ந்து வரும் ஒளியில் பாதிதான் மேசைக்குக் கிடைக்கும். கடைவீட்டு மாடியின் கூரை உயரமானது. கூரை தாழ்ந்த தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குப் பழகிய கையோடு அதே விளக்கை அங்கே மாட்டினால் என்ன ஆகும் என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது.

மென்பொருளுக்குள் ஒரு மீட்டர்

அறையில் லக்ஸ் மீட்டரை மேசைமேல் மல்லாக்க வைக்கிறோம். அதன் வெள்ளைக் குமிழ் மேலே உள்ள அரைக்கோளம் முழுவதிலிருந்தும் வரும் ஒளியை, சாய்வுக்கு ஏற்பக் குறைத்துக் கூட்டுகிறது. மென்பொருளுக்குள்ளும் இதே வேலைதான். ஒரு புள்ளி, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற திசை. இந்த இரண்டும் கொடுத்தால், அந்தப் புள்ளியிலிருந்து அரைக்கோளம் முழுக்கக் கதிர்களை அனுப்பி, ஒவ்வொன்றும் எதைப் போய்த் தொடுகிறது, அங்கிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்று கேட்டுக் கூட்டிக்கொள்ளும். விளக்கிலிருந்து நேராக வருவதோடு, சுவரிலும் கூரையிலும் பட்டு எதிரொளித்து வருவதும் இதில் சேர வேண்டும். அப்படிப் பலமுறை பட்டுத் திரும்பும் ஒளியைக் கணக்கில் கொண்டுவரும் முறைகள் 1980-களில் பிறந்தவை. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ரேடியோசிட்டி முறையை 1984-இல் வெளியிட்டார்கள். 1986-இல் ஜிம் கஜியா ரெண்டரிங் சமன்பாட்டை எழுதினார். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெக் வார்ட் 1985-இல் தொடங்கிய ரேடியன்ஸ் என்ற மென்பொருள் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அழகான படத்துக்காக இல்லாமல், சரியான எண்ணுக்காகவே கட்டப்பட்டது அது. பகல் வெளிச்சக் கணக்குச் செய்யும் பல கருவிகளுக்குள் இன்றும் ரேடியன்ஸ்தான் ஓடுகிறது.

இன்று கடையில் பார்க்கும் மென்பொருள்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் டயலக்ஸ், சுவிட்சர்லாந்தின் ரிலக்ஸ் போன்றவை அளவுக்காகவே பிறந்தவை. அறையைக் கட்டி விளக்கை வைத்தால் கேட்காமலேயே லக்ஸ் பட்டியல் கொடுத்துவிடும். படத்துக்காகப் பிறந்தவை மற்றவை. அவற்றிலும் சிலவற்றில் அளவு உண்டு: வி-ரேயில் லைட் மீட்டர் என்றே ஒரு பொருளைக் காட்சிக்குள் வைக்கலாம், என்ஸ்கேப்பில் வெளிச்ச அளவை நிறங்களாகக் காட்டும் பார்வை இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு என் யோசனை, காசு செலவழிக்காமல் டயலக்ஸில் ஒரு சின்ன அறையைக் கட்டிப் பழகுவது. எண்களின் மேல் ஒரு பிடிப்பு வந்த பிறகு வேறெங்கும் போகலாம்.

நீங்கள் கொடுப்பதைத்தான் அது அளக்கும்

என் டியூஷன் மாடியில் எங்கெங்கே பிசகியது என்று பிறகு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். கணக்கு இயந்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. நான் ஊட்டிய அறை வேறு, அங்கே இருந்த அறை வேறு.

முதலில் நேரம். ரெண்டரைப் பிற்பகல் 2 மணிக்கு வைத்து எடுத்திருந்தேன். வகுப்பு நடப்பது இரவு 8 மணிக்கு. விளக்குக் கணக்குப் பார்க்கும்போது சூரியனையும் வானத்தையும் முழுவதும் அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்ட வேண்டும் என்பது அவ்வளவு எளிய பாடம், ஆனாலும் நான் செய்யவில்லை.

அடுத்து, படம் அழகாக வர நான் ஒளித்து வைத்திருந்த ஒரு விளக்கு. உடலே இல்லாத, தூரம் போனாலும் குறையாத ஒளி, மூலை இருட்டை நிரப்புவதற்காக. படம் விற்கும் வேலையில் இது எல்லாரும் செய்வது. அளவெடுக்கும் கோப்பில் இதற்கு இடமே கிடையாது. ஒயர்மேன் அண்ணன் மாட்ட முடியாத எந்த விளக்கும் அந்தக் கோப்பில் இருக்கக்கூடாது.

மூன்றாவது, சுவரின் நிறம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதன் பலம் எனக்கே வெகுநாள் தெரியாமல் இருந்தது. எல்லாப் பக்கமும் மூடிய ஓர் அறை, எல்லாப் பரப்பும் ஒரே அளவு எதிரொளிக்கிறது என்று வையுங்கள். பரப்புகள் பாதி ஒளியைத் திருப்பினால், பட்டுப் பட்டுத் திரும்புவதெல்லாம் சேர்ந்து அறைக்குள் விழும் மொத்த ஒளி, விளக்கு கொடுத்ததைப்போல் இரண்டு மடங்காகும். 80 சதவீதம் திருப்பினால் ஐந்து மடங்கு. 95 சதவீதம் என்றால் இருபது மடங்கு. நூறு சதவீதம் என்று போட்டால் ஒளி எங்கும் போய்ச் சாவதே இல்லை, கணக்குக்கு முடிவே கிடையாது. மென்பொருளில் வெள்ளை என்று நாம் சொடுக்கும் 255, 255, 255 என்ற நிறம் இந்த நூறு சதவீதம்தான்! நல்ல வெள்ளைச் சாயம் பூசிய சுவரே 80-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்த மாடியிலோ மூன்று பக்கம் பழைய மரத்தடுப்பு, தரை கறுத்த பலகை. நான் சுவருக்குத் தூய வெள்ளையும் தரைக்கு வெளிர் மரமும் போட்டிருந்தேன். கடைசி வரிசைக்கு விளக்கு நேராகக் கொடுத்தது குறைவு. எதிரொளித்து வந்து சேர வேண்டியது வரவே இல்லை.

எந்த எண்ணைப் போடுவது என்று தெரியாவிட்டால் கூரை 70, சுவர் 50, தரை 20 சதவீதம் என்று தொடங்கலாம். இந்தத் துறையில் வழக்கமான தொடக்கம் அது. இன்னொரு சிக்கல் நிற எண்ணில் உண்டு. சாம்பல் நிறத்தில் 128 என்பது 255-இல் பாதி என்பதால் 50 சதவீத எதிரொளிப்பு என்று நினைத்துவிடுவோம். திரைக்கான நிற எண்கள் அப்படி நேராக ஏறுபவை அல்ல. 128 என்பது ஏறத்தாழ 22 சதவீதம்தான். ஐம்பது வேண்டுமென்றால் 188 போட வேண்டும்.

நான்காவது, அளவு அலகு. நம் ஊரில் வீட்டுமனை சதுர அடியில் விற்கிறது, கன்ட்ராக்டர் அடியில் பேசுகிறார், வரைபடம் மில்லிமீட்டரில் வருகிறது. அங்குலத்தில் வரைந்த அறையைச் சென்டிமீட்டர் என்று சொல்லி உள்ளே கொண்டுவந்தால் அறை 2.54 மடங்கு சுருங்கும். படத்தில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் மேசை, கதவு எல்லாம் சேர்ந்தே சுருங்குகின்றன. ஆனால் விளக்குக்கும் மேசைக்கும் நடுவே உள்ள தூரமும் சுருங்கியதால் லக்ஸ் ஆறரை மடங்கு ஏறிவிடும். 300 இருக்க வேண்டிய இடத்தில் 1,900-க்கு மேல் காட்டும். மாதிரியைத் திறந்ததும் நான் முதலில் செய்வது கதவின் உயரத்தை அளப்பது. 2.1 மீட்டரை ஒட்டி வந்தால்தான் மேலே போவேன்.

விளக்கின் ஒளி எப்படிப் பரவுகிறது என்பதற்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் கோப்பு ஒன்று இருக்கிறது. ஐ.இ.எஸ். கோப்பு என்பார்கள்; ஐரோப்பிய விளக்குகளுக்கு எல்.டி.டி. என்று இன்னொரு வகை. ஒவ்வொரு திசையிலும் எத்தனை கேண்டெலா என்ற பட்டியல்தான் உள்ளே. உண்மையான விளக்கை ஓர் ஆய்வகத்தில் சுற்றிச் சுற்றி அளந்து எழுதியது. இந்தக் கோப்பு கிடைக்காத விளக்கை நான் கணக்குக்கு எடுப்பதில்லை. கடைக்காரர் "அதே மாதிரிதான் இதுவும்" என்று வேறொன்றின் கோப்பைக் கொடுத்தால், லுமென் எண்ணையாவது பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதிலெல்லாம் மறந்துபோவது பராமரிப்புக் காரணி. விளக்கு நாளாக ஆக மங்கும், மூடியில் தூசி படியும். தெருப்பக்க ஜன்னல் திறந்திருக்கும் மாடியில் சீக்கிரமே படியும். அதனால் கணக்கில் வரும் லக்ஸை 0.8 போன்ற ஓர் எண்ணால் பெருக்கி, பிறகு நிற்கப்போகும் அளவைச் சொல்வது வழக்கம். அளவுக்கான மென்பொருள் இதைத் தானே செய்யும். படத்துக்கான மென்பொருள் செய்யாது.

எங்கே வைத்து அளப்பது

மேசை உயரத்தில், அதாவது தரையிலிருந்து 0.75 அல்லது 0.8 மீட்டரில், கண்ணுக்குத் தெரியாத ஒரு தளத்தை விரிக்கிறோம். அதில் கட்டம் கட்டமாகப் புள்ளிகள், எல்லாம் கூரையை நோக்கியபடி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு லக்ஸ் எண் வரும். சராசரி எவ்வளவு என்று எல்லாரும் பார்ப்பார்கள். நான் அதைவிட முதலில் பார்ப்பது மிகக் குறைந்த எண்ணை. குறைந்ததைச் சராசரியால் வகுத்தால் வெளிச்சம் எவ்வளவு சமமாகப் பரவியிருக்கிறது என்று தெரியும். என் மாடியில் 60-ஐ 144-ஆல் வகுத்தால் 0.42. அலுவலக மேசை வேலைக்கு ஐரோப்பியத் தரநிலை கேட்பது 500 லக்ஸ் சராசரியும் 0.6 சமநிலையும். நம் மலேசியத் தரநிலையான எம்.எஸ். 1525 பொது அலுவலகத்துக்கு 300 முதல் 400 லக்ஸ் என்று சொல்கிறது. படிக்கவும் எழுதவும் வரும் பிள்ளைகளுக்கு அந்த 300-ஐக் கீழ்வரம்பாக வைத்துக்கொண்டேன்.

தளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் கவனம் வேண்டும். வெண்பலகையில் எழுதியது தெரிய வேண்டுமானால், பலகையோடு ஒட்டி, பிள்ளைகளைப் பார்த்தபடி செங்குத்தாக ஒரு தளம் வேண்டும். மேசைக்கு 300 வந்துவிட்டது என்பதால் பலகைக்கும் வந்துவிட்டது என்று ஆகாது. துணிக்கடையில் அலமாரியில் தொங்கும் சேலைகளுக்கும் இதே கதை. தலைகீழாகத் திரும்பிய தளம் தரையிலிருந்து வரும் எதிரொளியை மட்டும் அளந்து, 20, 30 என்று எண் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து விளக்கைக் கூட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எண்களை நிறமாக மாற்றிக் காட்டும் படமும் உண்டு. குறைந்த இடம் நீலம், கூடிய இடம் சிவப்பு, நடுவில் பச்சையும் மஞ்சளும். வாடிக்கையாளரிடம் காட்ட இதைவிட நல்ல படம் கிடையாது. டீச்சர் பார்த்தவுடன் "பின்னாடி ரெண்டு வரிசையும் நீலமா இருக்கே" என்று சரியாகக் கையை வைத்தார். நிற அளவுகோலை மட்டும் கையால் பூட்டுங்கள், 0 முதல் 500 வரை என்பதுபோல். தானாக விட்டால் ஒவ்வொரு படத்திலும் சிவப்பின் பொருள் மாறும். பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளிலும் ஃபால்ஸ் கலர் என்று ஒரு பார்வை இருக்கிறது. அது கேமராவின் எக்ஸ்போஷரை நிறமாகக் காட்டுவது, லக்ஸை அல்ல.

பிளெண்டரில் வாட் என்றால்

பிளெண்டர் இலவசம் என்பதால் நிறையப் பேர் அதில் வேலை செய்கிறார்கள், அதனால் ஒரு வார்த்தை. அங்கே விளக்கின் பலத்தை வாட்டில் கேட்கும். அது மின்கட்டண வாட் கிடையாது. வெளியே வரும் ஒளி ஆற்றலின் வாட். 18 வாட் எல்.இ.டி. குழல் 1,800 லுமென் தருகிறது என்று வையுங்கள். கண் மிக நன்றாக உணரும் பச்சை ஒளிக்கு ஒரு வாட்டுக்கு 683 லுமென் என்ற அறிவியல் எண்ணை வைத்து மாற்றினால் 2.6 வாட் போட வேண்டும். ரேடியன்ஸ் மென்பொருள் வெள்ளொளிக்கு வைத்திருக்கும் 179 என்ற எண்ணை எடுத்தால் 10 வாட். எதை எடுத்தாலும் சரி, கடைசியில் லக்ஸாகத் திருப்பும்போதும் அதே எண்ணைப் பயன்படுத்த வேண்டும்.

மீட்டரே இல்லாத மென்பொருளில் அளக்க, முன்பு சொன்ன எதிரொளிப்புக் கணக்கு இங்கே உதவும். எல்லாச் சுவரும் கறுப்பாக ஒரு வெற்றறை கட்டுங்கள். 80 சதவீத எதிரொளிப்புள்ள, பளபளப்பே இல்லாத ஒரு வெள்ளை அட்டையைத் தரையில் வையுங்கள். அதற்கு நேர் மேலே 2 மீட்டரில் 1,000 கேண்டெலா விளக்கு. அட்டையில் விழுவது 250 லக்ஸ் என்று கையாலேயே தெரியும். ரெண்டர் எடுத்து, கேமரா மாற்றங்கள் எதுவும் ஏறாத இ.எக்ஸ்.ஆர். கோப்பாகச் சேமித்து, அட்டையின் நடுவில் உள்ள எண்ணைப் படியுங்கள். சாதாரண ஜேபெக் படத்தில் படித்தால் பயனில்லை. 250-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு மாற்று எண் கிடைக்கும். இனி உங்கள் நிஜ அறையில் அதே அட்டையை எந்த மேசையில் வைத்தாலும், அதில் படிக்கும் எண்ணை அந்த மாற்று எண்ணால் பெருக்கினால் லக்ஸ். ஒரே ஒரு புள்ளியைப் படிக்காமல் அட்டை முழுக்கச் சராசரி எடுங்கள், ரெண்டரில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும்.

பகல் வெளிச்சத்தில் நம் ஊருக்கென்று இரண்டு

பகல் கணக்குத் தனியாக எழுத வேண்டிய பெரிய விஷயம். இங்கே இரண்டு மட்டும். மென்பொருளில் ஊரைப் பினாங்கு என்று தேர்ந்தெடுத்தாலும் நேர மண்டலத்தைக் கண்ணால் சரிபாருங்கள். பினாங்கு 100 டிகிரி கிழக்கில் இருக்கிறது; இடத்தை மட்டும் பார்த்தால் உலக நேரத்தோடு 7 மணிதான் கூட்ட வேண்டும். ஆனால் 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா 8 மணி கூட்டிய நேரத்தில் ஓடுகிறது. அதனால் நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கன்று, ஆண்டின் சராசரியில் 1.20-ஐ ஒட்டி. மண்டலம் ஒரு மணி பிசகினால் சூரியன் 15 டிகிரி தள்ளி நிற்கும், காற்றுமுற்றத்தில் விழும் வெயில் வேறு சுவரில் விழும்.

இரண்டாவது, வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்று குளிர்நாட்டுப் பாடங்களில் படித்ததை இங்கே கொண்டுவராதீர்கள். நாம் 5 டிகிரி வடக்கில்தான் இருக்கிறோம். ஜூன் மாதத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே 18 டிகிரி சாய்ந்து நிற்கும். ஜூனுக்கும் டிசம்பருக்கும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

கையால் ஒரு கணக்கு

மென்பொருள் கொடுக்கும் எண்ணை ஏற்குமுன் ஒரு தாளில் சரிபார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. அந்த மாடி 18 அடிக்கு 30 அடி, 50 சதுர மீட்டர். முதலில் மாட்டியவை 3,000 லுமென் விளக்குகள் ஆறு. மொத்தம் 18,000 லுமென். அதில் பாதிதான் மேசை உயரத்துக்கு வந்து சேரும் என்று மரச்சுவர் அறைக்கு எடுத்துக்கொண்டேன், பராமரிப்புக்கு 0.8. பெருக்கினால் 7,200 லுமென். 50-ஆல் வகுத்தால் 144 லக்ஸ். மீட்டரில் வந்த சராசரியும் 144; காரணிகள் எல்லாம் உத்தேசம் என்பதால் எண் அப்படியே பொருந்தியது தற்செயல்தான். ஆனால் மாட்டுவதற்கு முன்னால் இந்த ஐந்து நிமிடக் கணக்கைப் போட்டிருந்தால், படம் என்ன காட்டினாலும் 300 வராது என்று தெரிந்திருக்கும்.

மறுபடி செய்தபோது சுவர்த்தடுப்புகளுக்கு வெள்ளை பூசச் சொன்னேன். விளக்கு பன்னிரண்டு, மூன்று வரிசையாக, கடைசி வரிசை பின்சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள். கூரை விசிறிகளையும் இந்த முறை மாதிரியில் வைத்தேன், இரண்டு விளக்குகள் விசிறி இறக்கைக்கு மேலே வந்திருந்ததைக் கண்டுபிடித்து நகர்த்தினேன். மென்பொருள் சொன்னது: பராமரிப்பு சேர்த்து சராசரி 312, புதிதாக மாட்டிய அன்று 390. ஒயர்மேன் அண்ணன் வேலையை முடித்த இரவே, ஜன்னல் சாத்தி, மேசை மேசையாக அளந்தேன். சராசரி 372, மிகக் குறைந்தது 248. பத்துப் பதினைந்து சதவீத வேறுபாடு வந்தாலும் நான் கவலைப்பட மாட்டேன். இது ஐந்துக்குள் வந்துவிட்டது. டீச்சருக்கு 312 என்று எழுதிக் கொடுத்ததும், மீட்டரில் 372 என்று கண்டதும் குழப்பம். தூசி படிந்து விளக்கு மங்கிய பிறகு நிற்கப்போவதுதான் 312 என்று விளக்கி, மூடியைத் துடைக்க வேண்டிய மாதங்களையும் காலண்டரில் குறித்துக் கொடுத்தேன்.

வெண்பலகை மட்டும் மிச்சம் இருக்கிறது. அதில் விழுவது 190 லக்ஸ்தான், அதுவும் இடப்பக்க மேசைகளில் உட்காருபவர்களுக்கு ஒரு விளக்கு அதில் பளபளவென்று தெரிகிறது. பலகைக்கு மேலே சுவரைத் தழுவி இறங்கும் ஒரு விளக்கை மாதிரியில் வைத்து, பலகையோடு ஒட்டிய செங்குத்துத் தளத்தில் இந்த வாரம் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.